பட்டன் போடுவதும் பாடம்தான்! யார் இந்த மரியா மாண்டிசோரி? அடையாறுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

காலை எட்டு மணி. ஸ்கூல் வேன் வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறது. யு.கே.ஜி. படிக்கும் பிள்ளைக்கு அம்மா இட்லி ஊட்டுகிறார். அப்பா கீழே உட்கார்ந்து ஷூ மாட்டிவிடுகிறார். பாட்டி தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறார். பிள்ளை பொம்மை மாதிரி நிற்கிறது. அதையே செய்யச் சொன்னால் வேன் போய்விடும் என்ற பயம் நமக்கு.

இந்த ஷூவையும், சட்டைப் பட்டனையும், தண்ணீர் டம்ளரையும் பள்ளிக்கூடப் பாடமாகவே மாற்றியவர் ஒரு பெண் டாக்டர். பிறந்தது இத்தாலி. ஆனால் எழுபது வயதை அவர் தொட்டபோது இருந்தது தமிழ்நாட்டில். உலகத்துக் குழந்தைகள் தங்கள் வேலையைத் தாங்களே செய்யக் கற்றுக்கொடுத்த அவருக்கு, சொந்த மகனை அந்த வயதில் பக்கத்தில் வைத்து வளர்க்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை என்பதுதான் இந்தக் கதையின் வலி.

தெருவுக்குத் தெரு பள்ளிப் பெயர்ப்பலகைகளில் நாம் பார்க்கும் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர், மரியா மாண்டிசோரி. அவருடைய வாழ்க்கையையும், அவர் சொன்ன பாடத்தையும் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

பெண்ணுக்கு எதற்கு டாக்டர் படிப்பு?

1870 ஆகஸ்ட் 31. இத்தாலியின் கியாரவல்லே என்ற சிறிய ஊரில் மரியா பிறந்தார். அப்பா அலெஸாண்ட்ரோ அரசு அதிகாரி. அம்மா ரெனில்டே நிறைய வாசிக்கும் பழக்கம் உள்ளவர். அப்பாவின் வேலை மாற்றத்தால் குடும்பம் முதலில் ஃபிளாரன்ஸுக்கும், பிறகு ரோம் நகருக்கும் குடிபெயர்ந்தது.

அந்தக் காலத்தில் படித்த குடும்பத்துப் பெண்ணுக்கு அதிகபட்சக் கனவு டீச்சர் வேலைதான். மரியாவோ 13 வயதில், பெரும்பாலும் பையன்களே படித்த தொழில்நுட்பப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். இன்ஜினியர் ஆக வேண்டும் என்பது முதல் ஆசை. பிறகு மனம் மருத்துவத்தின் பக்கம் திரும்பியது. அப்பாவுக்கு இதில் உடன்பாடில்லை. அம்மா பக்கபலமாக நின்றார்.

ரோம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிறகும் பிரச்னை தீரவில்லை. மனித உடலை அறுத்துப் பார்த்துப் படிக்கும் வகுப்பில், ஆண்கள் இருக்கும்போது ஒரு பெண்ணும் இருக்கக்கூடாது என்றார்கள். எனவே எல்லோரும் போன பிறகு, சடலங்கள் கிடக்கும் அறையில் தனியாக அந்தப் பாடத்தைப் படித்து முடித்தார் மரியா. 1896ல் டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியில் மருத்துவம் படித்த முதல் தலைமுறைப் பெண்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டு பெர்லினில் நடந்த பெண்கள் மாநாட்டில், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் வேண்டும் என்று பேசினார்.

தரையில் ரொட்டித் துணுக்கு தேடிய குழந்தைகள்

டாக்டரான மரியா, ரோம் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அதற்காக ஊரில் இருந்த மனநலக் காப்பகங்களுக்குப் போய்வர வேண்டியிருந்தது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளையும் அன்றைக்குப் பெரியவர்களோடு சேர்த்து அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள்.

ஒரு காப்பகத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் இது. சாப்பாடு முடிந்ததும் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்கள். அங்கே வேலை பார்த்த பெண்ணுக்கு அதைப் பார்த்தாலே அருவருப்பு. மரியா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு சுவர்களைத் தவிர அங்கே எதுவுமே இல்லை. குழந்தைகள் கையில் தொட்டுப் பார்க்க, உருட்டிப் பார்க்க ஒரு பொருள்கூடக் கிடையாது. அவர்கள் பசித்தது வயிற்றுக்காக மட்டும் இல்லை, கைகளுக்கும்தான் என்று அவருக்குப் புரிந்தது.

பிரான்ஸ் மருத்துவர்கள் இத்தார், செகுவின் இருவரும் முன்பே எழுதி வைத்ததைத் தேடிப் படித்தார். 1900ல் ரோமில் இத்தகைய குழந்தைகளுக்காகவும் அவர்களுக்கான ஆசிரியர்களுக்காகவும் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதன் இயக்குநர்கள் இருவர். ஒருவர் மரியா. இன்னொருவர் டாக்டர் ஜியூசெப்பே மொண்டெசானோ.

கையால் தொட்டு, செய்து கற்ற அந்தக் குழந்தைகளில் சிலர், சாதாரணப் பள்ளி மாணவர்கள் எழுதும் பொதுத்தேர்வில் எழுதப் படிக்கத் தெரிந்து தேறிவிட்டார்கள். ஊரே ஆச்சரியப்பட்டது. மரியாவுக்கு வந்த சந்தேகம் வேறு. இவர்களே இவ்வளவு செய்கிறார்கள் என்றால், குறைபாடு எதுவும் இல்லாத குழந்தைகள் பள்ளியில் ஏன் இவ்வளவு பின்தங்கி இருக்கிறார்கள்? அவர்களைத் தடுப்பது எது?

மறைத்து வைக்கப்பட்ட மகன்

இந்த இடத்தில் மரியாவின் சொந்த வாழ்க்கைக்குள் கொஞ்சம் போக வேண்டும். மொண்டெசானோவும் அவரும் காதலித்தார்கள். 1898 மார்ச் 31ல் ஒரு மகன் பிறந்தான். பெயர் மரியோ. ஆனால் இருவருக்கும் திருமணம் ஆகவில்லை.

அன்றைய இத்தாலியில் திருமணமான பெண் வீட்டோடு இருக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. திருமணம் ஆகாமல் பிள்ளை பெற்றது வெளியே தெரிந்தால், அவ்வளவு போராடி வாங்கிய டாக்டர் பட்டமும் வேலையும் அதோடு முடிந்துவிடும். குழந்தையை ரோமுக்கு வெளியே ஒரு கிராமத்துக் குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். மரியா அவ்வப்போது போய்ப் பார்ப்பார். தான் யார் என்று மட்டும் சொல்ல மாட்டார்.

1901ல் மொண்டெசானோ வேறு ஒரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டு மரியா அந்தப் பள்ளியை விட்டு விலகினார். திரும்பவும் மாணவியாகப் பல்கலைக்கழகம் போய்த் தத்துவம், கல்வியியல், மானுடவியல் என்று படிக்கத் தொடங்கினார்.

1907 ஜனவரி 6: சான் லொரென்சோவில் நடந்தது என்ன?

ரோமில் சான் லொரென்சோ என்று ஓர் ஏழைப் பகுதி. அங்கே இருந்த பழைய குடியிருப்புகளைப் புதுப்பித்து ஏழைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது ஒரு கட்டுமான நிறுவனம். அப்பா, அம்மா இருவரும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். மூத்த பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத வாண்டுகள் மட்டும் மாடிப்படிகளில் ஓடி, புதுச்சுவரில் கிறுக்கிக்கொண்டு இருந்தார்கள்.

சுவரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் பிள்ளைகளை ஓர் அறையில் உட்கார வைக்க வேண்டும். நிறுவனத்தின் யோசனை இவ்வளவுதான். பொறுப்பை ஏற்க மரியாவைக் கேட்டார்கள். 1907 ஜனவரி 6ஆம் தேதி, சுமார் 50 குழந்தைகளோடு, மர்சி தெரு 58ஆம் எண் கட்டடத்தில் குழந்தைகள் இல்லம் திறந்தது. இத்தாலியப் பெயர் காசா தேய் பம்பினி. பார்த்துக்கொண்டவர் முறைப்படி பயிற்சி பெற்ற டீச்சர்கூட இல்லை.

அன்றைய பள்ளிகளில் பெஞ்சுகளைத் தரையோடு அறைந்து வைத்திருப்பார்கள். குழந்தை அசையக்கூடாது என்பதுதான் ஒழுக்கம். மரியா அதைத் தலைகீழாக மாற்றினார். மூன்று வயதுக் குழந்தை தானே தூக்கி நகர்த்தக்கூடிய சின்ன நாற்காலி, சின்ன மேஜை. கைக்கு எட்டும் உயரத்தில் அலமாரி. குட்டிக் குட்டி முகம் கழுவும் தொட்டிகள். பெற்றோருக்கும் விதி இருந்தது. பிள்ளையைச் சுத்தமாக அனுப்ப வேண்டும். டீச்சரை வாரம் ஒருமுறை சந்தித்துப் பேச வேண்டும்.

அங்கே எழுத்துக்கு முன்னால் வந்தது கைகழுவுதல். கை கழுவுவது, தலை வாருவது, சட்டை பட்டன் போடுவது, தூசி துடைப்பது, தரையைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. இவற்றுக்குத்தான் பிற்காலத்தில் நடைமுறை வாழ்க்கைப் பயிற்சிகள் என்று பெயர் வந்தது.

கைதட்டல் வாங்கிய மூக்கு சிந்தும் பாடம்

ஒருநாள் மரியா குழந்தைகளுக்கு ஒரு வேடிக்கையான பாடம் எடுத்தார். மூக்கு சிந்துவது எப்படி? கைக்குட்டையை எப்படிப் பிடிப்பது, சத்தம் வராமல் எப்படிச் சிந்துவது, அடுத்தவர் கண்ணில் படாமல் எப்படி மடித்து வைப்பது என்று மெதுவாகச் செய்து காட்டினார்.

சிரிப்பார்கள் என்று நினைத்தார். ஒரு குழந்தையும் சிரிக்கவில்லை. கண் இமைக்காமல் பார்த்தார்கள். முடிந்ததும் தியேட்டரில் தட்டுவது போலக் கைதட்டினார்கள். அவர் கிளம்பியபோது நன்றி சொல்லிக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்கள்.

ஏன் அப்படி? மரியா யோசித்தார். மூக்கு ஒழுகுவதற்காக அந்தக் குழந்தைகள் தினமும் திட்டு வாங்குகிறார்கள். நாலு பேர் முன்னால் அவமானப்படுகிறார்கள். பெரியவர்கள் அதட்டுவார்கள், இல்லையென்றால் முரட்டுத்தனமாகத் துடைத்துவிடுவார்கள். எப்படிச் சிந்துவது என்று இதுவரை யாருமே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததில்லை. குழந்தைக்கும் தன்மானம் உண்டு என்பதை அந்தக் கைதட்டல் அவருக்குச் சொன்னது.

மற்றொன்றையும் அவர் கவனித்தார். கை கழுவச் சொல்லிக் கொடுத்தால், கை சுத்தமான பிறகும் குழந்தைகள் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டே இருந்தார்கள். பெரியவர்களுக்குக் கை சுத்தமானால் வேலை முடிந்தது. குழந்தைக்கு அந்த வேலைதான் முக்கியம். செய்து செய்து பார்த்துத் தன் கையைத் தன் சொல்பேச்சு கேட்கப் பழக்குகிறது குழந்தை.

தண்ணீர் ஊற்றுவதில் அப்படி என்ன இருக்கிறது?

மாண்டிசோரி வகுப்பில் இன்றைக்கும் முதலில் கண்ணில் படுவது, ஒரு தட்டில் இருக்கும் இரண்டு சின்ன ஜாடிகள்தான். ஒன்றில் இருப்பதை இன்னொன்றில் ஊற்ற வேண்டும். முதலில் தானியம், பிறகு தண்ணீர். பக்கத்திலேயே ஒரு ஸ்பாஞ்ச் இருக்கும்.

பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். உள்ளே நிறைய விஷயம் இருக்கிறது.

முதலாவது, சொல்லித்தரும் முறை. டீச்சர் பேசிக்கொண்டே செய்ய மாட்டார். ஏனென்றால் குழந்தை வாயைப் பார்ப்பதா, கையைப் பார்ப்பதா? எனவே பேச்சைக் குறைத்து, ஒவ்வோர் அசைவையும் பிரித்து மெதுவாகக் காட்டுவார். பட்டன் போடுவது நமக்கு ஒரே வேலை. குழந்தைக்கு அது நாலைந்து வேலை. துணியின் ஓரத்தைப் பிடிக்க வேண்டும், பட்டனைச் சாய்க்க வேண்டும், துளையில் பாதி நுழைக்க வேண்டும், மறு கையால் வாங்கி இழுக்க வேண்டும். இதற்காகவே மரச்சட்டத்தில் துணி பொருத்தி, பட்டன், கொக்கி, ரிப்பன் முடிச்சு என்று தனித்தனியாகப் பழகும் சட்டங்களைச் செய்தார் மரியா. உடம்பில் போட்டிருக்கும் சட்டையை விட மேஜையில் கண்ணுக்கு நேராக இருக்கும் சட்டத்தில் பழகுவது எளிது.

இரண்டாவது, நிஜப் பொருள். சொப்புச் சாமான் வேண்டாம் என்றார். கண்ணாடி டம்ளர், பீங்கான் தட்டு, உண்மையான துடைப்பம், ஆனால் சின்ன சைஸில். உடைந்துவிடாதா? உடையும். கீழே போட்டால் உடையும் என்று தெரிந்தால்தான் குழந்தை பார்த்து நடக்கும். தண்ணீர் சிந்தினால் அது குழந்தையின் கண்ணுக்கே தெரியும். யாரும் திட்ட வேண்டியதில்லை. ஸ்பாஞ்சை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றும்.

மூன்றாவது, கவனம். எடுப்பது, செய்வது, துடைப்பது, இருந்த இடத்தில் திரும்ப வைப்பது. ஒரு வேலைக்குத் தொடக்கமும் முடிவும் இருக்கிறது என்பதை மூன்று வயதில் பழகும் குழந்தைக்கு, ஆறு வயதில் ஒரு கணக்கை முடிக்கும்வரை உட்கார முடிகிறது. விரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் கிடைக்கும் பலம் பென்சில் பிடிக்க உதவுகிறது. அந்த ரோம் நகரத்து வகுப்பில், உப்புத்தாள் எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய நாலு, ஐந்து வயதுக் குழந்தைகள், யாரும் எழுதச் சொல்லாமலேயே திடீரென்று எழுதத் தொடங்கினார்கள். உலகம் மரியாவைத் திரும்பிப் பார்த்தது அதனால்தான். அதற்கு அஸ்திவாரம் போட்டது துடைப்பமும் தண்ணீர் ஜாடியும்.

நிலநடுக்கத்தில் பெற்றோரை இழந்தவர்கள்

1908 டிசம்பர் 28. இத்தாலியின் மெஸ்ஸினா நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. பல்லாயிரக்கணக்கானோர் இறந்தார்கள். இடிபாடுகளில் மீட்கப்பட்ட சுமார் 60 அநாதைக் குழந்தைகளை ரோமில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் இல்லத்துக்குக் கொண்டுவந்தார்கள். பலருடைய பெயரோ ஊரோகூட யாருக்கும் தெரியாது. அவர்கள் பேசவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை. இரவில் அலறி அழுதார்கள்.

மரியாவின் முறை அங்கேயும் போனது. சின்ன நாற்காலிகள், வண்ணத் திரைகள், மேஜையில் பூச்சாடி. கன்னியாஸ்திரிகள் குழந்தைகளுக்கு மேஜையில் தட்டு வைப்பது, பரிமாறுவது, மரியாதையாகச் சாப்பிடுவது எல்லாம் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்கள். நாலு வயதுப் பிள்ளைகள் சூடான சூப் பாத்திரத்தைச் சிந்தாமல் தூக்கி வந்து மற்றவர்களுக்குப் பரிமாறினார்கள். மெல்ல மெல்லப் பசி திரும்பியது. தூக்கம் வந்தது. ஓடி விளையாடும் சத்தமும் கேட்டது.

பறிபோன எதையும் அந்த வேலைகளால் திருப்பித் தர முடியாது. ஆனால் எல்லாமே கையை விட்டுப் போன ஒரு குழந்தைக்கு, தன் கையால் ஏதோ செய்ய முடிகிறது என்ற நம்பிக்கை எவ்வளவு பெரியது என்பதை மரியா அங்கே பார்த்தார்.

புகழும் சறுக்கலும்

1909ல் மரியாவின் முறையை விளக்கும் முதல் புத்தகம் இத்தாலிய மொழியில் வந்தது. 1912ல் அமெரிக்காவில் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியானது. அந்த ஆண்டு இறுதியில் அம்மா ரெனில்டே இறந்துபோனார். அதற்குப் பிறகுதான், சுமார் 15 வயதான மரியோ அம்மாவோடு வந்து சேர்ந்தான். அப்போதும் வெளியில் சொன்னது உறவுக்காரப் பையன், வளர்ப்பு மகன் என்றுதான்.

1913 டிசம்பரில் மரியா அமெரிக்கா போனார். நியூயார்க்கின் கார்னகி ஹால் நிரம்பி வழிந்தது. 1915ல் சான் ஃபிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் கொண்ட வகுப்பறை ஒன்றை அமைத்தார்கள். குழந்தைகள் வேலை செய்வதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று கூட்டம் கூட்டமாக மக்கள் பார்த்தார்கள். ஆனால் விமர்சனமும் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கில்பாட்ரிக் 1914லேயே மரியாவின் முறையைக் கடுமையாக மறுத்துப் புத்தகம் எழுதினார். அமெரிக்காவில் அந்த அலை சீக்கிரமே அடங்கியது.

இத்தாலியில் சிக்கல் வேறு மாதிரி வந்தது. 1924ல் முசோலினி மாண்டிசோரி பள்ளிகளுக்கு ஆதரவு கொடுத்தார். மரியாவும் ஏற்றுக்கொண்டார். பள்ளிகள் பெருகின. சர்வாதிகாரியோடு கைகோத்தார் என்ற விமர்சனம் இன்றைக்கும் அவர்மேல் உண்டு. ஆனால் தானாக யோசித்து, தானாக முடிவெடுக்கும் குழந்தையும் பாசிச ஆட்சியும் எத்தனை நாள் ஒத்துப்போகும்? உறவு கசந்து, இத்தாலியில் அந்தப் பள்ளிகள் மூடப்பட்டன. நாஜி ஜெர்மனியிலும் மூடப்பட்டன. மரியா ஸ்பெயினின் பார்சிலோனாவில் இருந்தார். 1936ல் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தது. நெதர்லாந்துக்குப் போனார்.

அடையாறுக்கு வந்தது எப்படி?

மரியா இந்தியாவுக்கு வரும் முன்பே அவர் பெயர் இங்கே வந்துவிட்டது. குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920லேயே இந்த வழியில் குழந்தைகள் பள்ளி தொடங்கியிருந்தார். 1931ல் லண்டன் போன காந்தி அங்கே மரியாவைச் சந்தித்தார். கைவேலையைக் கல்வியின் நடுவில் வைத்த இருவருக்கும் பேச நிறைய இருந்தது.

1939ல் சென்னை அடையாறில் இருக்கும் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைப்பு விடுத்தார். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவியின் கணவர் இவர். ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் தொடங்கியிருந்த நேரம். 69 வயது மரியா மகனோடு சென்னை வந்து இறங்கினார். சில மாதங்களில் திரும்பிவிடுவது என்பதே திட்டம்.

சபை வளாகத்தில் ஓலைக்கொட்டகைகளில் பயிற்சி வகுப்பு தொடங்கியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் 300 பேர் வந்தார்கள். மரியா இத்தாலிய மொழியில் பேசுவார். பக்கத்தில் நின்று மரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

வைஸ்ராய் அனுப்பிய தந்தி

1940 ஜூன். இத்தாலி, ஜெர்மனி பக்கம் சேர்ந்து போரில் குதித்தது. ஒரே நாளில் இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் அத்தனை பேரும் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மரியோவைப் பிடித்து அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். மரியாவின் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. முசோலினி பள்ளிகளை மூடியபோது மரியா இழந்தது வேலையை. இப்போது இழந்தது மகனை, அதுவும் இரண்டாவது முறையாக.

ஆகஸ்ட் 31 வந்தது. மரியாவுக்கு 70வது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மரியோவை விடுதலை செய்வதாகச் செய்தி. அதில் மரியோவை அவருடைய மகன் என்றே குறிப்பிட்டிருந்தார்கள். நாற்பது வருடங்களுக்கு மேல் உறவுக்காரர், வளர்ப்பு மகன் என்று மூடி வைத்திருந்த உறவை, எதிரி நாட்டின் அரசு ஒரு தந்தியில் பெயர் சொல்லி அழைத்துவிட்டது.

மகன் திரும்பி வந்தார். அதன் பிறகு கடைசிவரை அம்மாவின் வேலையைத் தோளில் சுமந்தவர் மரியோதான்.

கொடைக்கானல்: 6 வயதுக்கு மேல் என்ன பாடம்?

மரியோ வந்த பிறகும் நாட்டைவிட்டுக் கிளம்ப அனுமதி இல்லை. 1942 முதல் சுமார் இரண்டு ஆண்டுகள் இருவரும் கொடைக்கானலில் தங்கினார்கள். அங்கே வெவ்வேறு வயதுக் குழந்தைகளுடன் ஒரு சின்னப் பள்ளி நடந்தது. இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்ன உதவியாக இருந்தார். மலையின் செடிகொடிகளும் பூச்சிகளும் ஏரியும் அவர்களுக்குப் பாடப்புத்தகம் ஆயின. 6 முதல் 12 வயது வரைக்கான மாண்டிசோரி பாடமுறை பெரிதும் உருப்பெற்றது இங்கேதான்.

ஆறு வயதில் குழந்தை மாறிவிடுகிறது என்றார் மரியா. மூன்று வயதில் தானே செய்வதே போதுமான சந்தோஷம். ஆறு வயதில் ஏன், எப்படி என்ற கேள்வி வரும். கூட்டாளிகள் வேண்டும். நியாய அநியாயம் பேசத் தோன்றும். எனவே பட்டன் போடும் சட்டத்தை எடுத்து வைத்துவிட்டு, வாழ்க்கைப் பயிற்சியை அடுத்த படிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அந்த வயதில் சட்டைக்குப் பட்டன் போடுவது போய், அறுந்த பட்டனைத் தைப்பது வரும். தண்ணீர் ஊற்றுவது போய், நாலைந்து பேர் சேர்ந்து சமைத்து வகுப்புக்கே பரிமாறுவது வரும். வாங்க வேண்டிய சாமான்களைப் பட்டியல் போட்டு, காசை எண்ணி, மீதிச் சில்லறையைச் சரிபார்க்கும்போது கணக்குப் பாடமும் சேர்ந்தே நடக்கும். ஒரு கேள்விக்கு வகுப்பில் பதில் இல்லையா? நூலகத்துக்கோ தோட்டத்துக்கோ போக வேண்டும். எப்படிப் போவது, யாரிடம் அனுமதி கேட்பது, என்ன எடுத்துப்போவது என்று குழந்தைகளே திட்டம் போட வேண்டும். பெரியவர் உடன் போவார், பாதுகாப்புக்காக. முடிவெடுப்பவர்கள் பிள்ளைகள்.

சண்டை வந்தால் எப்படிப் பேசுவது, குறுக்கே பேசாமல் எப்படிக் காத்திருப்பது, தெரியாமல் இடித்துவிட்டால் என்ன சொல்வது என்பதெல்லாம்கூட இதே பயிற்சிதான். மூக்கு சிந்தக் கற்றுக்கொடுத்தது போலவே, இவற்றையும் நடித்துக் காட்டிப் பழக்க வேண்டும். தப்பு நடந்த நேரத்தில் நாலு பேர் முன்னால் திட்டினால் குழந்தை கற்றுக்கொள்ளாது, கூனிக்குறுகித்தான் போகும்.

கடைசி நாட்கள்

1944ல் இலங்கை போய்ப் பயிற்சி கொடுத்தார். போர் முடிந்து 1946ல் ஐரோப்பா திரும்பினார். சில மாதங்களுக்கென்று வந்தவர் இருந்தது ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றிருந்தார்கள். 1947ல் மறுபடியும் அடையாறுக்கு வந்து வகுப்பு எடுத்தார். 1949, 1950, 1951 என மூன்று முறை அமைதிக்கான நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். கிடைக்கவில்லை.

1952 மே 6ஆம் தேதி, நெதர்லாந்தின் நூர்ட்விக் கடற்கரை ஊரில் மரியா காலமானார். வயது 81. இறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் பள்ளிகளை மூடிய அதே இத்தாலி, பிற்காலத்தில் 1000 லிரா நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது.

தமிழ்நாட்டில் அவர் பெயர் பெரும்பாலும் கட்டணம் கட்டிப் படிக்கும் பள்ளிகளோடு சேர்ந்தே ஒலிக்கிறது. ஆனால் 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் முறையிலும் மாண்டிசோரியின் சாயல் உண்டு. தரையில் வட்டமாக உட்கார்ந்து, கைக்கு எட்டும் உயரத்தில் இருந்த கரும்பலகையில் எழுதிப் பழகிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என்று இருந்தால் மட்டும் போதாது. உள்ளே போய்ப் பாருங்கள். பிள்ளைகள் எழுந்து நடக்கிறார்களா, பொருளைத் தாங்களே எடுத்துத் தாங்களே வைக்கிறார்களா, சிந்தியதைத் துடைப்பது யார் என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

வீட்டில் தொடங்க எந்தச் சாமானும் வாங்க வேண்டாம். மரியா தொடங்கியதே சான் லொரென்சோவின் ஏழைப் பிள்ளைகளிடம்தான். கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்னத் தட்டும் டம்ளரும். பாதி நிறைந்த செம்பு. பூண்டு உரிக்கவும், பட்டாணி உரிக்கவும், காய்ந்த துணி மடிக்கவும் கொஞ்சம் நேரம். கத்தி, அடுப்பு என்றால் பெரியவர் கூடவே இருக்க வேண்டும். சாப்பிட்ட தட்டைத் தேய்க்கும் இடத்தில் வைப்பது மகளுக்கும் மகனுக்கும் ஒரே விதி.

இதில் கஷ்டமான பகுதி நமக்குத்தான். ஐந்து நிமிட வேலைக்குக் குழந்தை அரை மணி நேரம் எடுக்கும். அந்த அரை மணி நேரம் நாம் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நிற்க வேண்டும்.

தன் மகனுக்கு மூன்று வயதாக இருந்தபோது அப்படிப் பக்கத்தில் நிற்கும் வாய்ப்பு மரியாவுக்குக் கிடைக்கவில்லை. நமக்கு அந்த வாய்ப்பு தினமும் காலையில் கிடைக்கிறது. நாளைக்கு அலாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைத்துப் பாருங்கள். ஷூவை எடுத்துக் கொடுங்கள், மாட்டிவிடாதீர்கள். முதல் நாள் இடது, வலது மாறித்தான் போகும். பரவாயில்லை, நடக்கும்போது அதுவே குழந்தைக்குத் தெரிந்துவிடும்.